பதினேழாம் நம்பர் பக்கி

அறுநூறு வெள்ளி.
கிளப்பின் பின்வாசலில் வரிசையாய் நிறுத்தி விற்றார்கள்.
கூரை கிழிசல், இருக்கையில் எலிக்கடி,
நெற்றியில் 17 மட்டும் அழியவில்லை.
"ஆறு பேட்டரியும் செத்தது" என்றான் ஸ்டோர்க்கார ரஹிமான்,
"இரும்பு விலைதான் அக்கா."

லோரி வந்து சிம்பாங் அம்பாட்டில் இறக்கியபோது
வீராசாமி வாசற்படியைவிட்டு இறங்கவில்லை.
"கோல்ஃப் ஆடப் போறியா?"

உயர்மின் கம்பிக்குக் கீழே என் கீரைப்பாத்தி,
வீட்டிலிருந்து எண்ணூறு மீட்டர்,
ஒரு நாளைக்கு நாலு டிரம் தண்ணீர்.
நீங்கள் சுமக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் முட்டியைத் தடவுவார்.

தாலிக்கொடியை முதுகுப்பக்கம் தள்ளி
வளையலைச் சோப்பு டப்பாவில் போட்டேன்.
ஸ்பேனர் இரண்டு முனையையும் ஒன்றாய்த் தொட்டால்
தங்கம் என்று பார்க்காது, விரல் என்றும் பார்க்காது.
இருக்கையைத் தூக்கினேன்.
ஆறின் தலையிலும்
பச்சையும் வெள்ளையுமாய் உப்புப் பூத்திருந்தது.
ஆப்ப சோடாவைக் கரைத்து ஊற்றினேன்.
பால் பொங்குவதுபோல் என்று சொல்லலாம்தான்;
அந்த நாற்றத்துக்கு எந்தப் பொங்கலும் பொருந்தாது.
தேய்த்துத் தீர்ந்தது பழைய பல்துலக்கி இரண்டு.
மூன்றாவது வீராசாமியுடையது,
அது பழசில்லை என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

தனித்தனியாய்ச் சார்ஜ் ஏற்றி
மீட்டரை வைத்தேன்.
ஆறு, ஆறு, ஆறேகால்,
மூன்று சொச்சம்,
ஆறு, ஆறு.
செத்தது ஒன்று. வரிசையில் நின்ற பாவத்துக்கு
மற்ற ஐந்துக்கும் சாவுச் சீட்டு.

தட்டின் அடியில்
ஒரு ஸ்கோர் அட்டை, பாதியை அமிலம் தின்றிருந்தது.
எட்டாம் குழியில் யாரோ
ஏழை அழித்து ஐந்தாக்கியிருக்கிறார்.
எட்டில் எல்லோரும் அழிப்பார்கள்.
குளம் அங்கேதான்.

எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் அங்கே கேடி.
கேடி என்றால் சொந்தக்காரர்களுக்கு வேறு அர்த்தம்.
கல்யாணப் பேச்சில் மாமியார் அதை
"கிளப்பில் வேலை" என்று மாற்றிச் சொன்னார்.
அது இன்னும் மோசம்.

தொண்ணூற்றாறு, செப்டம்பர்.
இருபது பக்கிகள் வந்து இறங்கின, வெள்ளைவெளேரென்று.
உறை பிரித்துத் துடைக்க
எங்களைத்தான் கூப்பிட்டார்கள்:
ஜெகதாம்பாள், லெட்சுமாயி, நான்.
மாதக் கடைசியில் ஆளுக்கொரு கடிதம், ஆளுக்கொரு குடை.
குடை பெரிசு.
நன்றாகத்தான் உழைத்தது.

நாலு உதை உதைக்கலாம் என்றுதான்
இதை வாங்கினேனோ என்னவோ.
உதைப்பதற்கும் நேரான ஓர் இடம் இல்லை அதில்.

பேட்டரிக்கடை ஹோக் செங் புதுசு தர மறுத்தான்.
"பழசு அஞ்சும் சேந்து அதை இழுத்துரும்,
ஒத்த வயசுல தரேன்."
தொண்ணூறு வெள்ளிக்கு ஒத்த வயசு கிடைத்தது.
பேட்டரித் தண்ணீரை
சார்ஜ் ஏறிய பிறகு, தகடு முழுகும்வரை,
அதற்குமேல் ஒரு சொட்டு இல்லாமல்.

பெடலை மிதித்தேன். அடியில் டக்.
மறுபடி மிதித்தேன். மறுபடி டக்.
சொலனாய்டு வாயைச் சப்புகிறது, விழுங்கவில்லை.
அதை மாற்றினேன். கேபிள்களைக் கழற்றிச் சுரண்டி
ஞாபகத்தை நம்பித் திருப்பி மாட்டினேன்.
'முன்' பக்கம் விசையைத் தள்ளி மிதித்தால்
வண்டி பின்னால் பாய்ந்து
எங் வீட்டுக் கொடிக்கயிற்றில்
மூன்று பள்ளிச் சீருடையைப் போர்த்திக்கொண்டு நின்றது.

அப்போதுதான் வீராசாமி இறங்கி வந்தார்.
ஒன்றும் சொல்லவில்லை. சீருடைகளை மடித்தார்.

மோட்டாரில் இரண்டு கம்பி இடம் மாறியிருக்கிறது,
பத்து நிமிஷ வேலை.
வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது,
காலையிலிருந்து கீரைக்குத் தண்ணீர் இல்லை.
டிரம்மை ஏற்றினோம். பின்பலகையில் அவர் உட்கார்ந்து
அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.
'பின்' என்று எழுதிய பக்கம் தள்ளி
முன்னால் போனோம்,
மின்கம்பி வரைக்கும்
வண்டி பீப் பீப் என்று
பின்னால் வருவதாகவே கத்திக்கொண்டிருந்தது.